கரோல் ஹட்சின்ஸ்

கரோல் ஹட்சின்ஸ் (பிறப்பு: மே 26, 1957) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த முன்னாள் கல்லூரி மென்பந்துப் பயிற்றுனர் ஆவார். இவர் 1985 முதல் 2022 வரை தொடர்ந்து 38 பருவங்கள் மிச்சிகன் பல்கலைக்கழக மகளிர் மென்பந்து அணியின் தலைமைப் பயிற்றுனராகப் பணியாற்றினார். 2005 ஆம் ஆண்டில் இவரது அணி தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் (என்.சி.ஏ.ஏ.) மென்பந்து வாகையர் பட்டத்தை வென்றது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே உள்ள பல்கலைக்கழகம் ஒன்று இப்பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை. ஓய்வு பெற்றபோது இவரது வெற்றிகளின் எண்ணிக்கை 1,707. அப்போது என்.சி.ஏ.ஏ. மென்பந்து வரலாற்றில் வேறு எந்தப் பயிற்றுனரும் இத்தனை வெற்றிகளைப் பெற்றிருக்கவில்லை.

பயிற்றுனர் ஆவதற்கு முன்னர், மாணவியாக இருந்தபோதே ஹட்சின்ஸ் மகளிர் விளையாட்டு வரலாற்றில் இடம் பெற்றார். தாம் படித்த பல்கலைக்கழகம் ஆண்கள் அணியையும் பெண்கள் அணியையும் சமமாக நடத்தவில்லை என்று 1979 இல் நீதிமன்றம் சென்றவர்களில் இவரும் ஒருவர். அவ்வழக்கு இவரது பெயராலேயே அறியப்படுகிறது.

மென்பந்து ஆட்டம்

மென்பந்து, அடிபந்தாட்டத்திலிருந்து (பேஸ்பால்) தோன்றிய ஒரு விளையாட்டு. 1887 இல் சிகாகோ நகரில் ஓர் உள்ளரங்க ஆட்டமாகத் தொடங்கியது. அணிக்கு ஒன்பது பேர் களத்தில் இருப்பர். ஆட்டம் ஏழு இன்னிங்ஸ்களைக் கொண்டது. ஏழின் முடிவில் இரு அணிகளும் சம ஓட்டங்கள் பெற்றிருந்தால் கூடுதல் இன்னிங்ஸ்கள் ஆடப்படும்.

பெயர் மென்பந்து என்றாலும் பந்து மென்மையானதன்று. ஏறத்தாழ 12 அங்குலச் சுற்றளவு கொண்ட இப்பந்து அடிபந்தாட்டப் பந்தைவிடப் பெரியது. எறிவாளர் கையைத் தோளுக்குக் கீழாகச் சுழற்றியே பந்தை எறிய வேண்டும். அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் எறியுமிடத்திலிருந்து மட்டையாளரின் தளம் 43 அடி (ஏறத்தாழ 13 மீட்டர்) தொலைவில் உள்ளது. கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளம் 66 அடி என்பதை நினைவிற் கொண்டால் இத்தொலைவு எவ்வளவு குறுகியது என்பது விளங்கும். மணிக்கு 100 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் எறியப்படும் பந்து அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் மட்டையாளரை அடைந்துவிடும்.

மகளிர் மென்பந்து 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிற்குப் பின் நீக்கப்பட்டு, 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மீண்டும் இடம் பெற்றது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை. ஹட்சின்ஸ் பணியாற்றிய காலத்தில் இவ்விளையாட்டுக்கு வலுவான தொழில்முறைப் போட்டிகளும் அதிகம் இல்லை. எனவே பெரும்பாலான அமெரிக்க வீராங்கனைகளுக்குக் கல்லூரியின் நான்கு ஆண்டுகளே விளையாட்டு வாழ்வின் உச்சமாக இருந்தன. கல்லூரிப் பயிற்றுனர்கள் இவ்விளையாட்டில் பெரும் முக்கியத்துவம் பெறுவதற்கு இது ஒரு காரணம்.

இளமையும் கல்வியும்

ஹட்சின்ஸ் மிச்சிகன் மாநிலத் தலைநகரான லான்சிங்கில் பிறந்தார். அருகிலுள்ள கிழக்கு லான்சிங் நகரில் அமைந்த மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். இது, அவர் பின்னர் பணியாற்றிய மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வேறானது. இரண்டும் விளையாட்டுக் களத்தில் நெடுங்காலப் போட்டியாளர்கள்.

அங்கு அவர் கூடைப்பந்தாட்டம், மென்பந்து ஆகிய இரு அணிகளிலும் ஆடினார். மென்பந்தில் இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் இடைப்பட்ட பகுதியைக் காக்கும் ஷார்ட்ஸ்டாப் இவரது இடம். 1976 இல் அவரது அணி மகளிர் கல்லூரி உலகத் தொடரை வென்றது. உலகத் தொடர் என்று பெயர் பெற்றாலும் இது அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியே. அக்காலத்தில் என்.சி.ஏ.ஏ. ஆண்கள் விளையாட்டுகளை மட்டுமே நடத்தி வந்தது. பெண்கள் போட்டிகளை ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற தனிச் சங்கம் கவனித்தது. என்.சி.ஏ.ஏ. 1982 இல் தனது முதல் மகளிர் மென்பந்துப் போட்டியை நடத்தியது. ஏ.ஐ.ஏ.டபிள்யூ. அதற்குப் பின் நிலைக்கவில்லை.

1979 இல் இளங்கலைப் பட்டம் பெற்ற ஹட்சின்ஸ், 1981 இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் உடற்கல்வியில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

1979 ஆம் ஆண்டு வழக்கு

ஐக்கிய அமெரிக்காவில் 1972 இல் நிறைவேற்றப்பட்ட கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் தலைப்பு (டைட்டில் நைன்), நடுவண் அரசின் நிதியுதவி பெறும் கல்வித் திட்டம் எதிலும் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்று கூறுகிறது. சட்டத்தின் அடிப்படை வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. எனினும் கல்லூரி விளையாட்டும் கல்வித் திட்டத்தின் ஒரு பகுதி என்பதால் அதன் மீது இச்சட்டத்தின் தாக்கம் பெரிதாக இருந்தது. இதற்கான விதிமுறைகள் 1975 இல் வெளியாயின. பல்கலைக்கழகங்கள் அவற்றுக்கு இணங்கி நடப்பதற்கு 1978 வரை காலம் தரப்பட்டது.

காலக்கெடு முடிந்த பின்னரும் பல இடங்களில் நடைமுறை மாறவில்லை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மகளிர் கூடைப்பந்தாட்ட அணி வெளியூர் சென்று ஆடும்போது அவ்வணியினருக்குத் தரப்பட்ட உணவுப்படியும் தங்கும் வசதியும் ஆண்கள் அணியினருக்குத் தரப்பட்டதைவிடக் குறைவாக இருந்தன. அதே பருவத்தில் மேஜிக் ஜான்சன் ஆடிய ஆண்கள் அணி தேசியப் புகழ் பெற்றிருந்தது. மார்ச் 1979 இல் அவ்வணி தேசிய வாகையர் பட்டத்தையும் வென்றது. ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே விளையாட்டில், ஒரே ஆண்டில் இரு அணிகள் இரு விதமாக நடத்தப்பட்டதே வழக்கின் மையம்.

அணித் தலைவிகளில் ஒருவராக இருந்த ஹட்சின்ஸும் சக வீராங்கனைகளும் மிச்சிகன் மேற்கு மாவட்ட நடுவண் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். நீதிபதி நோயல் ஃபாக்ஸ் 1979 இல் தற்காலிக உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தார். பயணத்தின்போது உணவு, தங்குமிடம் ஆகியவற்றில் பெண்கள் அணியை ஆண்கள் அணிக்குச் சமமாக நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். ஒன்பதாம் தலைப்பின் கீழ் கல்லூரி விளையாட்டு தொடர்பாக நீதிமன்றம் சென்ற தொடக்ககால வழக்குகளுள் இதுவும் ஒன்று.

வழக்கின் பொருள் இன்று சிறியதாகத் தோன்றலாம். ஒரு வேளை உணவுக்கான சில டாலர்களும் ஓர் அறையில் எத்தனை பேர் தங்குவது என்பதுமே அங்கு கேட்கப்பட்டவை. ஆனால் சமத்துவம் என்ற பொதுச் சொல்லை அளந்து பார்க்கக்கூடிய பொருளாக அவை மாற்றின. ஆண்கள் அணிக்கு எவ்வளவு, பெண்கள் அணிக்கு எவ்வளவு என்ற எளிய கேள்விக்குப் பல்கலைக்கழகம் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

பயிற்றுனராகத் தொடக்கம்

ஹட்சின்ஸ் 1982 இல் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஃபெரிஸ் மாநிலக் கல்லூரியில் தலைமைப் பயிற்றுனராக ஒரு பருவம் பணியாற்றினார். அடுத்த இரு பருவங்கள் ஆன் ஆர்பர் நகரிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பாப் டி கரோலிஸ் என்பவரின் கீழ்த் துணைப் பயிற்றுனராக இருந்தார். 1985 பருவத்திலிருந்து அவ்வணியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 27.

கல்லூரித் தலைமைப் பயிற்றுனரின் பணி ஆட்ட நாளுடன் முடிவதில்லை. அதன் முக்கியக் கூறுகள் பின்வருவன:

- உயர்நிலைப் பள்ளிகளில் ஆடும் வீராங்கனைகளைக் கண்டறிந்து, தம் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கச் செய்தல். பிற பயிற்றுனர்களும் அதே வீராங்கனைகளை நாடுவர்.
- விளையாட்டு உதவித்தொகையைப் பங்கிடுதல். ஹட்சின்ஸின் காலத்தில் முதற்பிரிவு மென்பந்து அணி ஒன்றுக்கு 12 முழு உதவித்தொகைகளே அனுமதிக்கப்பட்டன. அணியில் இருப்பவர்களோ அதைவிட அதிகம். எனவே ஒரு முழு உதவித்தொகை பலருக்குப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தரப்பட்டது.
- ஏறத்தாழ 50 முதல் 60 ஆட்டங்கள் கொண்ட பருவத்துக்கு எதிரணிகளையும் பயணங்களையும் திட்டமிடுதல்.
- மட்டை வரிசையை அமைத்தல், எறிவாளரை எப்போது மாற்றுவது என்று முடிவு செய்தல்.
- வீராங்கனைகள் மாணவிகளும் ஆவதால் அவர்கள் பாடங்களில் தேர்ச்சி பெறுவதைக் கவனித்தல்.

இவற்றுள் முதலாவதே மற்றவற்றுக்கு அடிப்படை. மாணவி ஒருத்தி நான்கு பருவங்களே ஆட முடியும். ஆகவே எவ்வளவு சிறந்த அணியாயினும் நான்கு ஆண்டுகளில் முழுமையாக மாறிவிடும். நெடுங்காலம் வெல்லும் பயிற்றுனர் உண்மையில் ஓர் அணியைக் கொண்டன்று, ஒன்றன்பின் ஒன்றாகப் பல அணிகளைக் கொண்டு வெல்கிறார்.

பனியும் பருவமும்

கல்லூரி மென்பந்துப் பருவம் பெப்ரவரியில் தொடங்குகிறது. அப்போது ஆன் ஆர்பரில் திடல் பனியால் மூடப்பட்டிருக்கும். கலிபோர்னியா, அரிசோனா போன்ற வெப்ப மாநிலங்களில் ஆண்டு முழுவதும் திறந்த வெளியில் ஆடலாம். இந்த வேறுபாடு பட்டங்களின் கணக்கிலும் தெரிந்தது. 1982 முதல் 2004 வரை என்.சி.ஏ.ஏ. மென்பந்துப் பட்டம் கலிபோர்னியா, அரிசோனா, டெக்சாஸ், ஒக்லகோமா ஆகிய நான்கு மாநிலங்களின் பல்கலைக்கழகங்களைத் தவிர வேறு எங்கும் செல்லவில்லை.

மிச்சிகன் அணி குளிர்காலத்தில் உள்ளரங்கில் பயிற்சி செய்தது. உள்ளரங்கில் பந்து உயரமாகச் செல்லும்போது அதைப் பிடிக்கும் பயிற்சியும், மண் தரையில் உருண்டு எழும் பந்தைத் தடுக்கும் பயிற்சியும் முழுமையாகக் கிட்டுவதில்லை. பருவத்தின் முதல் வாரங்களில் அணி தெற்கு, மேற்கு மாநிலங்களுக்குப் பயணம் செய்து, அங்கு முன்னரே திடலில் பயின்ற அணிகளுடன் மோதியது. சொந்தத் திடலில் ஆடுவதற்குப் பெரும்பாலும் மார்ச் மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இச்சூழலில் ஹட்சின்ஸின் அணி படிப்படியாக முன்னேறியது. 1992 இல் அவரது தலைமையில் முதன்முறையாகப் பிக் டென் கூட்டமைப்பின் பட்டத்தை வென்றது. பிக் டென் என்பது பெரும்பாலும் அமெரிக்காவின் வட மத்தியப் பகுதிப் பல்கலைக்கழகங்களைக் கொண்ட விளையாட்டுக் கூட்டமைப்பு. 1995 இல் அணி அவரது தலைமையில் முதன்முறையாக மகளிர் கல்லூரி உலகத் தொடருக்குத் தகுதி பெற்றது. அத்தொடரில் நாடு முழுவதிலுமிருந்து எட்டு அணிகள் மட்டுமே பங்கேற்கும். 1995 முதல் 1998 வரை நான்கு ஆண்டுகள் அடுத்தடுத்துத் தகுதி பெற்றும், பின்னர் 2001, 2002, 2004 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் சென்றும் அணியால் பட்டம் வெல்ல இயலவில்லை. முதற்பட்டத்துக்கு முன் ஹட்சின்ஸ் தலைமைப் பயிற்றுனராக இருபது பருவங்களைக் கடந்திருந்தார்.

2005 ஆம் ஆண்டு வாகையர் பட்டம்

2005 பருவத்தில் மிச்சிகன் அணி 65 ஆட்டங்களில் வென்று 7 ஆட்டங்களில் தோற்றது. ஜெனி ரிட்டர் அணியின் முதன்மை எறிவாளர். முதலாண்டு மாணவியான சமந்தா ஃபின்ட்லே முதல் தளத்தைக் காத்தார்.

உலகத் தொடர் ஒக்லகோமா நகரில் நடைபெற்றது. அவ்வாண்டிலிருந்தே இறுதிச் சுற்று மூன்று ஆட்டங்களைக் கொண்டதாக மாற்றப்பட்டது. இரண்டில் வெல்லும் அணி பட்டம் பெறும். எதிரணி, முந்தைய இரு ஆண்டுகளும் பட்டம் வென்ற லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் (யு.சி.எல்.ஏ.). இறுதிச் சுற்றின் முடிவுகள்:

- முதல் ஆட்டம்: யு.சி.எல்.ஏ. 5, மிச்சிகன் 0
- இரண்டாம் ஆட்டம்: மிச்சிகன் 5, யு.சி.எல்.ஏ. 2
- மூன்றாம் ஆட்டம்: மிச்சிகன் 4, யு.சி.எல்.ஏ. 1 (10 இன்னிங்ஸ்)

ஜூன் 8 அன்று நடந்த மூன்றாம் ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸ்களின் முடிவில் இரு அணிகளும் 1-1 எனச் சமநிலையில் இருந்தன. பத்தாவது இன்னிங்ஸில் இரு வீராங்கனைகள் தளங்களில் நிற்க, ஃபின்ட்லே பந்தை எல்லை வேலிக்கு வெளியே அடித்து (ஹோம் ரன்) மூன்று ஓட்டங்களைப் பெற்றுத் தந்தார். யு.சி.எல்.ஏ. அதற்கு ஈடு செய்ய இயலவில்லை. ஃபின்ட்லே தொடரின் சிறந்த வீராங்கனையாகத் தெரிவு செய்யப்பட்டார்.

வடக்கின் பனி மாநிலத்திலிருந்து ஓர் அணி பட்டம் வெல்லக்கூடும் என்பதை இது காட்டியது. பின்வந்த ஆண்டுகளில் அலபாமா (2012), புளோரிடா (2014, 2015), புளோரிடா மாநிலம் (2018) எனக் கிழக்குப் பகுதிப் பல்கலைக்கழகங்களும் பட்டம் வென்றன. எனினும் இவை வெப்பமான தென் மாநிலங்களைச் சேர்ந்தவை.

பிற்காலப் பருவங்கள்

2008 முதல் 2016 வரை ஒன்பது ஆண்டுகள் இடைவிடாமல் மிச்சிகன் அணி பிக் டென் பட்டத்தை வென்றது. 2009, 2013, 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடருக்குச் சென்றது. 2015 இல் மீண்டும் இறுதிச் சுற்றை அடைந்து, மூன்றாவது ஆட்டம் வரை போராடிப் புளோரிடாப் பல்கலைக்கழகத்திடம் தோற்றது. அந்த அணியில் ஆடிய சியரா ரொமேரோ 2016 இல் நாட்டின் சிறந்த கல்லூரி மென்பந்து வீராங்கனைக்கான விருதைப் பெற்றார்.

2016 இல் ஹட்சின்ஸ், ஃபிரெஸ்னோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் பயிற்றுனர் மார்ஜி ரைட்டின் 1,457 வெற்றிகளைக் கடந்தார். 2020 பருவம் கொரோனாப் பெருந்தொற்றால் மார்ச் மாதத்தில் கைவிடப்பட்டது. 2021 இல் பிக் டென் அணிகள் தமக்குள் மட்டுமே ஆடியதால் ஆட்டங்களின் எண்ணிக்கை குறைந்தது. அவ்வாண்டு ஓய்வு பெற்ற அரிசோனாப் பல்கலைக்கழகப் பயிற்றுனர் மைக் கேண்ட்ரியா 1,674 வெற்றிகளுடன் முதலிடத்தில் இருந்தார். பெப்ரவரி 2022 இல் ஹட்சின்ஸ் அந்த எண்ணிக்கையையும் கடந்தார்.

ஆகஸ்ட் 24, 2022 அன்று அவர் ஓய்வை அறிவித்தார். மிச்சிகனில் அவர் பணியாற்றிய 38 பருவங்களில் ஒன்றில்கூட அணி வென்றதைவிட அதிகமான ஆட்டங்களில் தோற்றதில்லை. அவருக்குப் பின் போனி தால் தலைமைப் பயிற்றுனரானார். தால், ஹட்சின்ஸிடம் வீராங்கனையாகப் பயின்று, பின்னர் நெடுங்காலம் அவரது துணைப் பயிற்றுனராகப் பணியாற்றியவர். பல்கலைக்கழகத்தின் மென்பந்து அரங்கம் ஹட்சின்ஸின் பெயரைத் தாங்கியுள்ளது.

பெண் பயிற்றுனர்கள் குறித்த நிலைப்பாடு

ஒன்பதாம் தலைப்பால் விளையாடும் பெண்களின் தொகை பெருகியது. 1971-72 கல்வியாண்டில் உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய மாணவிகள் 3 இலட்சத்திற்கும் குறைவு. 2010களில் இத்தொகை 30 இலட்சத்தைத் தாண்டியது.

பயிற்றுனர்களைப் பொறுத்தவரை விளைவு நேர்மாறாக அமைந்தது. 1972 இல் கல்லூரி மகளிர் அணிகளில் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவற்றுக்குப் பெண்களே பயிற்றுனர்களாக இருந்தனர். 2014 இல் இது ஏறத்தாழ 43 விழுக்காடாகக் குறைந்திருந்தது. மகளிர் அணிகளுக்கு நிதியும் ஊதியமும் உயர்ந்தபோது அப்பணிகளை ஆண்களும் நாடத் தொடங்கியது இதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது. ஆண்கள் அணிகளுக்குப் பெண்கள் பயிற்றுனராவதோ மிக அரிது.

ஹட்சின்ஸ் இந்நிலையைப் பொதுமேடைகளில் தொடர்ந்து சுட்டிக்காட்டியவர். தம் அணியிலும் பெண்களையே நெடுங்காலத் துணைப் பயிற்றுனர்களாக வைத்திருந்தார். தாலும், 2000 சிட்னி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியைச் சேர்ந்த ஜெனிஃபர் பிரண்டேஜும் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். தாம் வளர்த்த ஒருவரிடமே தலைமைப் பொறுப்பு சென்றது இம்முயற்சியின் தொடர்ச்சியாகும்.

சாதனைகள்

- மொத்த வெற்றிகள்: 1,707
- என்.சி.ஏ.ஏ. வாகையர் பட்டம்: 1 (2005)
- மகளிர் கல்லூரி உலகத் தொடர்ப் பங்கேற்பு, பயிற்றுனராக: 12
- பிக் டென் பருவப் பட்டங்கள்: 22
- பிக் டென் தொடர்ப் போட்டிப் பட்டங்கள்: 10
- தேசியச் சிறந்த பயிற்றுனர் விருது: 1995, 2005
- தேசிய மென்பந்துப் பயிற்றுனர்கள் சங்கத்தின் புகழவையில் சேர்ப்பு: 2006
- வீராங்கனையாக மகளிர் கல்லூரி உலகத் தொடர் வெற்றி: 1976